படத்தில் தெரியும் கட்டி, உடம்பில் இருக்கும் வலி

முதுகெலும்பு எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ‘டார்லோவ் சிஸ்ட்’ என்று ஒரு வரி வந்துவிட்டால் அன்றைக்கு அந்த வீட்டில் தூக்கம் கிடையாது. சிஸ்ட் என்றால் கட்டி, கட்டி என்றால் பரேல் டாடா புற்றுநோய் ஆஸ்பத்திரி. மும்பைத் தமிழர் வீடுகளில் இந்தக் கணக்கு நொடியில் போடப்பட்டுவிடும். அறிக்கை எழுதிய கதிரியக்க நிபுணரோ, கண்ணில் பட்டதை விடாமல் குறிக்க வேண்டும் என்ற முறைக்காக அதை எழுதியிருப்பார். அது புற்றுநோய் இல்லை. மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் தெளிந்த திரவம் ஒரு நரம்பு வேரின் உறைக்குள் தேங்கி உண்டான பை.

1994இல் பால்சனும் அவருடன் பணியாற்றியவர்களும் வரிசையாக 500 பேரின் கீழ்முதுகு எம்.ஆர்.ஐ. படங்களைப் பார்த்தார்கள். 23 பேருக்கு இந்தக் கட்டி இருந்தது. அதனால் தொல்லைப்பட்டவர்கள் 5 பேர். 2005இல் வெளியான இன்னொரு ஆய்வில் 3,535 நோயாளிகளில் 54 பேருக்குக் கட்டி இருந்தது. அவர்களில் சுமார் 13 விழுக்காட்டினருக்கு மட்டுமே கட்டியும் வலியும் பொருந்தி வந்தன. மீதிப் பேரின் வலிக்குக் காரணம் வேறெங்கோ இருந்தது. கட்டி இருக்கிறதா என்று இயந்திரம் சொல்லிவிடும். வலி அந்தக் கட்டியிலிருந்துதான் வருகிறதா என்பதை நோயாளியின் வாயிலிருந்தும் காலிலிருந்தும்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அறுவை சிகிச்சை கைகொடுக்குமா கைவிடுமா என்பது பெரும்பாலும் கத்தியை எடுப்பதற்கு முன்பே, இந்த இடத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது.

தொடையின் பின்பக்கமாகக் கால்வரை சுண்டி இழுக்கும் சயாட்டிகா வலிக்கு, விலகிய டிஸ்க் நரம்பு வேரை அழுத்துவது ஒரு காரணம் என்று மருத்துவ உலகம் தெளிவாக ஏற்றுக்கொண்டது 1934க்குப் பிறகுதான். அந்த ஆண்டில் பாஸ்டன் நகர மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் அறுவை சிகிச்சைச் சான்றுகளோடு அதை எழுதினார்கள். வைல்டர் பென்ஃபீல்டு மாண்ட்ரியல் நரம்பியல் நிறுவனத்தைத் தொடங்கியதும் அதே 1934தான். அங்கே ஐசடோர் டார்லோவ் பிரேதங்களில் தண்டுவடத்தின் கடைக்கோடி இழையை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, இடுப்புக்குக் கீழே திரிக எலும்புக்குள் ஓடும் நரம்பு வேர்களில் சிறு நீர்ப்பைகள் இருப்பதைப் பார்த்தார். 1938இல் அதை வெளியிட்டார். அப்போது அது தேடாமல் கிடைத்த ஓர் உடற்கூற்றுச் செய்தி, அவ்வளவுதான். பத்து ஆண்டு கழித்து, 1948இல், இப்படியொரு கட்டியை அகற்றியதும் சயாட்டிகா வலி நீங்கிய நோயாளியைப் பற்றி எழுதினார். 1953இல் தனிப் புத்தகமே கொண்டுவந்தார். டிஸ்க் ஒன்றையே எல்லோரும் துரத்திக்கொண்டிருந்த காலத்தில், இன்னொரு காரணமும் உண்டு என்று அவர் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

எம்.ஆர்.ஐ. இல்லாத அந்தக் காலத்தில் முதுகுக்குள் எண்ணெய் போன்ற சாயத்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். டிஸ்க் விலகியிருந்தால் உடனே தெரிந்துவிடும். டார்லோவின் கட்டிகளுக்குள் சாயம் மெதுவாகத்தான் கசிந்து நிரம்பும். நாள் கணக்கில், சில சமயம் வாரக் கணக்கில் பொறுத்து மறுபடியும் படம் எடுக்க வேண்டும் என்றார் அவர். அந்தப் பொறுமை இல்லாதவர்களுக்குக் கட்டி தெரியவில்லை. இன்றைக்கு நிலைமை தலைகீழ். பொறுமையே இல்லாமல், முப்பது நிமிடத்தில், தேவையானதும் தேவையற்றதும் சேர்ந்து தெரிகின்றன.

மாண்ட்ரியலுக்கும் நமக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. அதே பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டிதான் 1949இல் வேலூர் சி.எம்.சி.யில் நரம்பு அறுவை சிகிச்சையைத் தொடங்கினார். மாண்ட்ரியலிலேயே பயின்ற ராம் கிண்டே பம்பாயில் அந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். 1950இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி அதே துறையைத் தொடங்கினார். மறு ஆண்டே சாண்டி, ராமமூர்த்தி, எஸ்.டி. நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகிய நால்வரும் இந்திய நரம்பியல் சங்கத்தை உருவாக்கினார்கள். அந்தத் தலைமுறைக்குப் படக்கருவிகள் குறைவு. தட்டிப் பார்க்கும் சுத்தியலும், தொட்டுப் பார்க்கும் ஊசியும், காது கொடுத்துக் கேட்பதுமே அவர்கள் கையிருப்பு. இந்தக் கட்டுரையின் வாதத்துக்கு இந்தச் செய்தி முக்கியம்.

டார்லோவ் கட்டி எங்கே உண்டாகிறது? தண்டுவடத்திலிருந்து பிரியும் உணர்வு நரம்பு வேர், அதன் முடிச்சைச் சந்திக்கும் இடத்தில். நரம்பின் உள்ளுறைக்கும் வெளியுறைக்கும் நடுவே திரவம் புகுகிறது. ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் திரவத்தின் அழுத்தம் ஏறி இறங்கும். பையின் கழுத்து குறுகலாக இருந்தால், சைக்கிள் டியூபின் வால்வு மாதிரி உள்ளே போவது எளிது, வெளியே வருவது கடினம் என்பது பலரும் ஏற்கும் விளக்கம். பை மெல்லப் பெருக்கிறது. பக்கத்து வேர்களை நெருக்குகிறது. சில சமயம் திரிக எலும்பையே அரித்துக் குழியாக்குகிறது. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நரம்பு இழைகள் கட்டியின் சுவரிலேயே, சில சமயம் அதன் நடுவிலேயே ஓடுகின்றன. கட்டியை மட்டும் தனியே உரித்தெடுக்க வழியில்லை.

இக்கட்டிகள் அதிகம் தோன்றுவது இரண்டாம், மூன்றாம் திரிக வேர்களில். சிறுநீர்ப்பை, மலவாய், பிறப்புறுப்பு, தொடையின் பின்பக்கம் ஆகியவற்றுக்கான நரம்புகள் அவை. ஆகவே வலி காலோடு நிற்பதில்லை. உட்கார்ந்தால் கூடும், நின்றால் கூடும், இருமினாலும் தும்மினாலும் சுரீரென்று ஏறும், படுத்தால் தணியும். உட்காருமிடத்தில் எரிச்சல், சிறுநீர் முழுதாகப் போகாத உணர்வு, உடலுறவின்போது வலி. நோயாளிகளில் பெண்களே அதிகம்.

தாராவியில் இந்தக் குறிகள் எப்படி மறைந்துபோகின்றன என்று யோசித்துப் பாருங்கள். பொதுக் கழிப்பிடத்தை நம்பி வாழும் பெண், வரிசைக்கும் இருட்டுக்கும் அஞ்சித் தண்ணீரைக் குறைத்துக் குடிப்பார், வந்ததை அடக்கிக்கொள்வார். சிறுநீர் சரியாகப் போகவில்லை என்பது அவருக்கு நோயாகத் தோன்றவே தோன்றாது. நாள் முழுக்கத் தரையில் அமர்ந்து அப்பளம் இடுபவருக்கும் தையல் மிஷினில் குனிந்திருப்பவருக்கும் உட்கார்ந்தால் இடுப்பு வலிப்பது வேலையின் கூலியோடு சேர்ந்தது. தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் பக்கத்திலிருக்கும் சயான் ஆஸ்பத்திரியில், அதாவது லோகமான்ய திலக் மாநகராட்சிப் பொது மருத்துவமனையில், வெளிநோயாளர் வரிசை நீளமானது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த பாட்டி “குறுக்கு வலிக்கு, காலு சுருக்கு சுருக்குன்னு இழுக்கு” என்பதை மகனோ பேரனோ இந்தியிலோ மராத்தியிலோ சொல்லவேண்டியிருக்கிறது. மகன் வழியாகக் குறுக்கு வலி மட்டும்தான் டாக்டரிடம் போய்ச் சேரும். மற்றதை எந்தத் தாய் மகனிடம் சொல்லி அனுப்புவார்? தமிழ் தெரிந்த செவிலியர் ஒருவர் திரைக்குப் பின்னால் இரண்டு நிமிடம் பேசினால் கிடைக்கும் தகவலை எந்த ஸ்கேனும் தராது.

அதற்குப் பிறகு கைப்பரிசோதனை. படுக்கவைத்து நீட்டிய காலை உயர்த்துவது, கட்டைவிரலை மேல்நோக்கி மடக்கச் சொல்வது, கணுக்கால் தசைநாணைச் சுத்தியலால் தட்டுவது, மலவாயைச் சுற்றிய தோலில் உணர்ச்சி பார்ப்பது. கட்டைவிரலை உயர்த்த முடியவில்லை என்றால் ஐந்தாம் இடுப்பு வேர். கணுக்கால் தட்டலுக்கு அசைவில்லை என்றால் முதல் திரிக வேர். இப்படி உடம்பு காட்டும் முகவரியும் படத்தில் கட்டி இருக்கும் முகவரியும் ஒன்றாக இருந்தால்தான் கட்டியின்மேல் பழி போடலாம். வலது பக்கக் கட்டி, இடது கால் வலி என்றால் அந்த வழக்கு நிற்காது. ஐயம் தீராதபோது சி.டி. துணையோடு ஊசியால் திரவத்தை உறிஞ்சி, வலி தற்காலிகமாகத் தணிகிறதா என்று பார்ப்பதுண்டு. நரம்பு மின் பரிசோதனையும் உதவும்.

கட்டி என்றால் எல்லாம் ஒரே வகை கிடையாது. மாட்டுங்கா, செம்பூர்க் கட்டடங்களில் வசிக்கும் ஓய்வுபெற்ற தலைமுறைக்கு வருவது வேறு வகை. முள்ளெலும்புகளின் பின்பக்கத்தில் ‘ஃபேசட்’ எனப்படும் சிறு மூட்டுகள் உள்ளன. வயதோடு அவை தேயும்போது மூட்டின் உறை பிதுங்கி நரம்புப் பாதைக்குள் ஒரு பை உண்டாகும். இதைச் சைனோவியல் கட்டி என்பார்கள். அதிகம் அசையும் நான்காம், ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையில்தான் பெரும்பாலும் வரும். ஓர் எலும்பு மற்றொன்றின்மேல் சற்றே முன்னுக்கு நழுவியிருப்பதும் கூடவே இருக்கும். மாட்டுங்கா ஆஸ்திக சமாஜக் கோயிலிலிருந்து மார்க்கெட்வரை நடப்பதற்குள் கால் கனத்து மரத்துப்போகும். கடைப்படியில் உட்கார்ந்து முன்னால் குனிந்தால் சரியாகிவிடும். இரத்தக்குழாய் அடைப்பிலும் நடந்தால் கால் வலிக்கும், ஆனால் அது நின்றாலே தணியும். பாதத்தில் நாடியும் குறைந்திருக்கும். இந்த இரண்டையும் பிரிக்க விரல் நுனி போதும்.

இதற்கு மூட்டுக்குள் ஸ்டீராய்டு செலுத்தி, அழுத்தத்தால் கட்டியை உடைத்துப் பார்ப்பது முதல் படி. 2009இல் வெளியான 101 பேர் பற்றிய ஆய்வில், இப்படிச் செய்தும் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்கள் பின்னர் அறுவை சிகிச்சைக்குத்தான் போனார்கள். மறுபக்கம் பார்த்தால் ஏறத்தாழ பாதிப் பேர் கத்தியில்லாமல் தப்பியிருக்கிறார்கள். அறுவை சிகிச்சையில் எலும்பு வளைவின் ஒரு பகுதியை அகற்றி, நுண்ணோக்கியின் கீழ், தண்டுவட உறையோடு ஒட்டிக்கிடக்கும் கட்டியை மெல்லப் பிரிப்பார்கள். அடுத்த கேள்வியில்தான் டாக்டர்கள் பிரிகிறார்கள்: கட்டியை எடுத்தால் போதுமா, அல்லது அசையும் எலும்புகளைத் திருகாணிகளால் பிணைக்கவும் வேண்டுமா?

இந்தச் சர்ச்சைக்கு மும்பையில் ஒரு வலுவான குரல் உண்டு. பரேல் கே.இ.எம். மருத்துவமனையில் பணியாற்றிய அதுல் கோயல், கழுத்தின் முதல் இரண்டு முள்ளெலும்புகளைத் தகடும் திருகாணியும் கொண்டு பிணைக்கும் முறையை 1994இல் வெளியிட்டு உலக அளவில் பெயர் பெற்றவர். முதுகெலும்புத் தேய்மானத்தின் வேர் மூட்டுகளின் நிலையின்மையே, மற்றவையெல்லாம் அதன் விளைவு என்பது அவர் நெடுங்காலமாக முன்வைக்கும் வாதம். அந்த நோக்கில் பார்த்தால் சைனோவியல் கட்டி நோயின் அடையாளம்தான், நோய் அசைவில் இருக்கிறது. வாதம் கவர்ச்சியானது. ஆனால் எழுபத்தைந்து வயதில், எலும்பு மெலிந்து, சர்க்கரையும் உள்ளவருக்கு நீண்ட பிணைப்பு அறுவை சிகிச்சை செய்வதன் விலையும் சிறிதல்ல. எலும்பு நழுவல் தெளிவாக இருந்து, குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்த எக்ஸ்ரேக்களில் அசைவும் தெரிந்தால் பிணைக்கலாம். இல்லையென்றால் கட்டியை அகற்றியதோடு நிறுத்தலாம் என்று நடுவழி போகிறவர்கள் பக்கமே என் சாய்வு.

தாராவியில் முதுகுவலியும் காலில் பலவீனமும் கொண்ட ஒருவர் வந்தால் டாக்டர் முதலில் நினைப்பது டி.பி.யைத்தான். நினைப்பது சரியும்கூட. நெருக்கமான அறைகளில் டி.பி. பரவும் நகரம் இது. மருந்துகள் எதற்கும் மசியாத டி.பி. நோயாளிகளைப் பற்றி மாஹிம் இந்துஜா மருத்துவமனையின் ஜரீர் உத்வாடியா குழு 2012 வாக்கில் எழுதியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. முதுகெலும்பு டி.பி. சீழ்ப்பையை உண்டாக்கி நரம்பை அழுத்தும். ஆனால் டி.பி. என்று கருதி மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தும் குறையாத சில பைகளுக்குள் இருப்பது இன்னொன்று: எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழுவின் குஞ்சுக்கட்டிகள்.

இதன் சுழற்சி நாயும் ஆடுமாடும். புழு நாயின் குடலில் வாழும். முட்டை நாயின் மலத்தில் வெளிவரும். புல்லோடு ஆட்டுக்குள் போய் ஈரலில் கட்டியாகும். அந்த ஈரலைத் தின்னும் நாய்க்குத் திரும்பும். மனிதன் இடையில் தவறி மாட்டிக்கொள்பவன். கட்டி ஈரலிலும் நுரையீரலிலும்தான் அதிகம். எலும்பில் வருவது நூற்றில் இரண்டு பேருக்குள்தான். அப்படி வருவதில் ஏறத்தாழ பாதி முதுகெலும்பில். ஈரலில் வளரும்போது உடம்பு அதைச் சுற்றி ஓர் உறை கட்டும். எலும்பில் அப்படி உறை எழாது. ஆகவே திராட்சைக் குலை போன்ற சிறு நீர்ப்பைகள் எலும்பின் இடுக்குகள் வழியே பரவிக்கொண்டே போகும். எம்.ஆர்.ஐ.யில் எலும்பு அரித்திருக்கும். பெரும்பாலும் நடுவிலுள்ள டிஸ்க் மட்டும் உயரம் குன்றாமல் நிற்கும். டி.பி.யில் டிஸ்க்கும் சேர்ந்து கரைவது வழக்கம் என்பதால் அது நல்ல துப்பு.

தாராவியின் தோல் தொழில் வளர்ந்ததற்கு ஒரு காரணம், சிற்றோடைக்கு அப்பால் பாந்த்ராவில் இருந்த இறைச்சிக்கூடம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருநெல்வேலியிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் இங்கே தோல் பதனிடத் தொடங்கினார்கள். இறைச்சிக்கூடம் 1971இல் செம்பூரை அடுத்த தேவ்னாருக்குப் போனது. இந்த வரலாற்றை நோய்க்குக் காரணமாக நீட்டிவிட்டால் அது கற்பனையாகிவிடும். தோலைத் தொட்டால் இந்தப் புழு வராது. நாயின் மலம் கலந்த மண்ணோ தண்ணீரோ காய்கறியோ வயிற்றுக்குள் போக வேண்டும். கட்டி அறிகுறி காட்டப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், தொற்று மும்பையில் நேர்ந்ததா, சிறுவயதில் ஊர்க் கிடையில் நேர்ந்ததா என்று பிரிக்கவும் முடியாது. டாக்டர் கேட்கவேண்டியது, இப்போது எங்கே வேலை என்பதோடு, ஊரில் ஆடு வளர்த்தீர்களா, கூட நாய் இருந்ததா என்பதும்.

கேட்காமல் விட்டால் என்ன நேரும்? டி.பி. என்ற எண்ணத்தில் ஊசியால் குத்தித் திரவம் எடுத்தால் பை உடையலாம். சிந்திய திரவம் கடும் ஒவ்வாமையை உண்டாக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். சிதறிய துணுக்குகள் போன இடத்தில் எல்லாம் புதுக் கட்டிகள் முளைக்கும். அறுவை சிகிச்சையிலும் இதே அச்சம்தான். சுற்றிலும் அடர்ந்த உப்புநீரில் நனைத்த துணிகளை விரித்து, பைகளை உடையாமல் எடுக்கப் பார்ப்பார்கள். எலும்புக்குள் பரவியதை முழுக்க எடுப்பது அரிது. முன்னும் பின்னும் அல்பெண்டசோல் மாத்திரை மாதக்கணக்கில் தொடரும். இவ்வளவு செய்தும் திரும்ப வருவது அதிகம் என்பதால், ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டும். அறையைக் காலி செய்து ஊருக்குப் போய்விடும் தொழிலாளிக்கு இந்தத் தொடர்ச்சிதான் அறுந்துபோகிறது.

மார்பு முதுகெலும்பில் இளவயதினருக்கு வரும் அரக்னாய்டு கட்டி பற்றி ஒரு வார்த்தை போதும். தண்டுவட உறையில் உள்ள சிறு ஓட்டை வழியே திரவம் வெளிவந்து தேங்குவது அது. ஓட்டை எங்கே என்று முன்கூட்டியே கண்டுபிடித்தால், பெரிதாகத் திறக்காமல், அதைத் தைத்து அடைத்தாலே கட்டி வடிந்துவிடும். துல்லியமான படம் உண்மையில் கத்தியின் வேலையைக் குறைக்கும் இடம் இதுதான்.

மீண்டும் டார்லோவுக்கு. அவர் காலத்தில் கட்டியை வேரோடு அறுத்தெடுத்தார்கள். வலி போனது, அந்த வேரின் உணர்ச்சியும் போனது. இப்போது அப்படிச் செய்வதில்லை. திரிக எலும்பைத் திறந்து, நரம்பு மின்கருவியால் எந்தச் சுவரில் உயிருள்ள இழை ஓடுகிறது என்று பார்த்து, இழையில்லாத பக்கத்தில் கட்டியைத் திறந்து வடித்து, சுவரை மடித்துத் தைத்து, கழுத்தைக் கொழுப்பாலோ தசைத் துண்டாலோ ஃபைப்ரின் பசையாலோ அடைக்கிறார்கள். ஊசி வழியாக உறிஞ்சிப் பசை நிரப்பும் முறையும் உண்டு. அதில் கிருமியில்லாத மூளையுறை அழற்சி வருவதுண்டு. திறந்த சிகிச்சையின் பெரும் தொல்லை திரவக் கசிவு. காயம் ஈரமாகவே இருக்கும், நிமிர்ந்தால் தலைவலி பிளக்கும், கிருமி தொற்றும். 2001இல் பத்து நோயாளிகளைப் பற்றி வெளியான ஓர் ஆய்வில், ஒன்றரை சென்டிமீட்டரைவிடப் பெரிய கட்டியும் வேரின் வழியே ஓடும் வலியோ சிறுநீர், மலக் கோளாறோ இருந்த ஏழு பேர் நன்கு தேறினார்கள். சிறிய கட்டியும் இடம் தெளிவில்லாத வலியும் இருந்த மூவருக்குப் பயனில்லை. எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் அந்த மூவரைத்தான் அவசரப்பட்ட அறுவை சிகிச்சைகள் திரும்பத் திரும்ப உண்டாக்குகின்றன. “ஸ்கேன்ல இருக்கு, எடுத்துருங்க டாக்டர்” என்று நோயாளியே கேட்கும்போது மறுப்பதற்கும் ஒரு திறமை வேண்டும். நரம்பு வலிக்கான மாத்திரைகள், இயன்முறை சிகிச்சை, வேலைநேரத்தில் எழுந்து நடப்பது, ஆறு மாதம் கழித்து மீண்டும் சோதனை ஆகிய இவை கவர்ச்சியற்ற மருத்துவம். பெரும்பாலோருக்கு இது போதும்.

போதாத நேரமும் உண்டு. டார்லோவ் நாய்களின் முதுகுக்குள் சிறு பலூனை வைத்து ஊதித் தண்டுவடத்தை அழுத்திப் பார்த்தவரும்கூட. அழுத்தம் எவ்வளவு கடுமை, எவ்வளவு நேரம் நீடித்தது என்ற இரண்டையும் பொறுத்தே மீட்சி அமையும் என்று 1950களில் காட்டினார். மெல்ல ஏறும் அழுத்தத்தை நரம்பு நெடுநாள் தாங்கும். திடீரென ஏறினால் தாங்காது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு முதலில் குறைவது வலி, அடுத்து பலவீனம், பிறகு மரத்துப்போன தன்மை. சிறுநீர்ப்பை கடைசியில்தான் திரும்பும், திரும்பாமலும் போகலாம். அதனால், பல மாதமாக இடுப்புவலி இருந்தவருக்கு ஒருநாள் உட்காருமிடம் மரத்து, சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமல் ஒழுகினாலோ, அடுத்த வாரத்து வெளிநோயாளர் சீட்டுக்குக் காத்திருக்கக் கூடாது. அன்றிரவே அவசரப் பிரிவுக்குப் போய், இதை முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும்.